எர்த்துக் குழிக்குத் தண்ணீர் ஊற்றியவள்

எங்கிருந்து ஆரம்பித்தாலும் தப்பாகத்தான் சொல்லிவிடுவோம் என்ற பயம் சண்முகக்கனிக்கு எப்போதும் உண்டு. உப்பிலிருந்து ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் சமையல் விஷயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், ஆம்ப்ளிபயர் போர்டிலிருந்து ஆரம்பித்தால் ஆண்கள் மட்டும் நின்று கேட்டுவிட்டுக் கண்டென்சர் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்கள், மகளிலிருந்து ஆரம்பித்தாலோ அவளுக்குள்ளிருந்து எப்போதும் கேட்கும் அந்த முனகல் கொஞ்சம் கூடுதலாகக் கிளம்ப, வந்தவர்கள் கதையை விட்டுவிட்டு முனகலைக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆறாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். எதை முன்னால் சொல்வது எதைப் பின்னால் சொல்வது என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதனால் மண்ணிலிருந்து ஆரம்பிப்பாள். மண்ணைத் தப்பாகச் சொல்லிவிட முடியாது.

செந்தேரி ஊரின் மண் சிவப்பு, தேரி மண் என்பார்கள். காற்றடிக்கிற பக்கமெல்லாம் நடந்துபோகிற மண், ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஊற்றவே இல்லையே என்று சாதிக்கிற மண். அந்த மண்ணில் கரண்டு எர்த்து பிடிக்காது. அதனால் வீட்டுக்கு வீடு கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, நடுவில் இரும்புக் குழாயை இறக்கி, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுவார்கள். உப்பளம் பக்கத்தில் இருப்பதால் உப்புக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் ஊற்றுவது வீட்டுப் பெண்களின் வேலை. வாசல் தெளித்து மிச்சமிருக்கும் தண்ணீரைக் கொண்டுபோய்க் குழியில் ஊற்றி, வெறுங்காலால் ஈர மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு வரவேண்டும். செருப்போடு மிதித்தால் எர்த்து ஓடிப்போகும் என்று அந்த ஊரில் ஒரு எண்ணம்.

சண்முகக்கனியின் கணவர் நயினார் மைக்செட் வைத்திருந்தவர். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டிருந்த மனிதர், வயது ஏறி ஏணியில் ஏற முடியாமல் போனபோது வீட்டு முன்னறையில் ஆம்ப்ளிபயர் பழுது பார்க்க உட்கார்ந்தார். சென்னையிலிருந்து பார்சலில் வரும் மலிவான பச்சை போர்டுகள், உள்ளங்கை அகலம்தான் இருக்கும், பாட்டும் பாடும், கூடவே அடித்தொண்டையில் ஒரு முனகலும் முனகும். ஊரில் எல்லாரும் அதைச் சங்கீதத்தின் ஒரு பாகம் என்றே நினைத்திருந்தார்கள். நயினார் நினைக்கவில்லை. அதற்குக் காரணம் சந்தனமாரி.

அவர்களுடைய ஒரே மகள் சந்தனமாரிக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷினோடு வளர்ந்தவள், இப்போது வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொடுக்கிறாள். ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது நயினார் அந்த மெஷினை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தார். வைத்தவர் வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். வண்டுக் கூட்டுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார். "இந்த இரைச்சலுக்குள்ள இருந்துதான் பிள்ள நம்ம பேச்சப் பொறுக்கி எடுத்திருக்கா கனி" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அந்த மெஷினைத் திறந்து சரிசெய்ய அவருக்கு வழியில்லை, அத்தனை பொடிசு. ஆனால் இனித் தன் கைக்கு வருகிற எந்த போர்டிலும் அந்த முனகலை விட்டுவைப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

"போர்டு நல்ல போர்டுதான். செஞ்சவன் கஞ்சத்தனம் பண்ணியிருக்கான்" என்பார். மெலிந்த கண்டென்சர்களைப் பிடுங்கிவிட்டுக் கட்டைவிரல் தடிமனில் புதியவற்றை வைப்பார். பாட்டு உள்ளே நுழையும் வாசலில் இருந்த மண்நிறப் பொட்டுக் கண்டென்சரை எடுத்துவிட்டு, சிவப்பு மிட்டாய் போன்ற ஒன்றை வைப்பார். திசைக்கொன்றாக ஓடிய எர்த்துப் பாதைகளையெல்லாம் அறுத்து ஒரே புள்ளியில் கட்டி, அந்தப் புள்ளியிலிருந்து தடித்த செம்புக் கம்பியை இழுத்து, முன்னறை, அடுக்களை, கொல்லை என்று கொண்டுபோய்க் குழியில் இறங்கிய இரும்புக் குழாயில் முறுக்கிவிடுவார். ஈயம் ஆறுவதற்குள் முனகல் போர்டை விட்டு இறங்கிப் போய்விடும். பிறகு அந்த போர்டை எங்கே கொண்டுபோய் மாட்டினாலும் அது திரும்பி வராது. எங்கே போகிறது என்று கேட்டவர்களிடம் "பூமிக்கு" என்றார். எல்லாருக்கும் அது போதுமாக இருந்தது, பூமிக்குப் போகாதது என்று எதைச் சொல்ல முடியும்?

கோயில் போர்டு வந்தது, மாதா கோயில் போர்டு வந்தது, பள்ளிவாசல் போர்டு வந்தது, டீக்கடை ஞானதிரவியத்தின் போர்டு வந்தது, இறப்புச் செய்தி சொல்லிப் போகிற ஆட்டோக்காரன் பேச்சிமுத்துவின் போர்டு வந்தது, பிறகு பக்கத்து ஊர்களிலிருந்தும் பையில் சுற்றி வந்துகொண்டே இருந்தன. அத்தனையின் முனகலும் செம்புக் கம்பி வழியாக இறங்கி, தண்ணீரையே தங்கவிடாத அந்தத் தேரி மண்ணில் தங்க இடமில்லாமல் நின்று, விடிந்ததும் வாளியோடு வந்து வெறுங்காலால் மிதித்தவளின் பாதத்தைப் பார்த்து, அதன் வழியே ஏறிக்கொண்டது.

முதலில் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டுப் பாக்கியம். மாவு வாங்க வந்தவள் அடுக்களையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மதினி, உங்க பிரிட்ஜு இந்தச் சத்தம் போடுதே, ஆளக் கூட்டிக் காட்டப்பிடாதா?" என்றாள்.

"எங்க வீட்டுல ஏது பிரிட்ஜு?"

பாக்கியம் அவளைச் சுற்றி வந்தாள். முதுகில் காதை வைத்துப் பார்த்தாள். "அட, நீங்கதான் மதினி" என்று சொல்லிவிட்டு, மாவை வாங்கிக்கொண்டு போனாள்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாயை மூடியிருந்தாலும் ம்ம்ம் என்று கனத்து வருகிற அந்த ஒலிக்கு ஒரு வாரத்திலேயே பழகிவிட்டார்கள், பழகியதும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். வயிற்று வலியில் கத்துகிற குழந்தைகளைக் கொண்டுவந்து அவள் மடியில் கிடத்தினார்கள், கிடத்தியதும் தூங்கின. அவளைச் சுற்றிக் கொசு வருவதில்லை என்று தெரிந்ததால் சாயங்காலமானால் அவள் வீட்டு வாசலில் பெண்கள் வட்டமாகக் கூடினார்கள், கூடியவர்கள் அவளிடம் பேசுவதில்லை, தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் "கனியக்காவ மைக்குப் பக்கத்துல உக்கார வைக்காதீய" என்று முதல் வேலையாகச் சொன்னார்கள். நாதசுவரக்காரர் சுயம்புலிங்கம் ஒருநாள் தெருவில் அவளைக் கடந்து போனவர் நின்று, திரும்பி வந்து, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சுருதி அசையாம நிக்கே தாயி" என்றார். சுருதிப்பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, கொடைக்கு அவளைக் கொண்டுபோய்த் தனக்குப் பின்னால் உட்கார வைத்தார். கரண்டு போனாலும் நிற்காத சுருதி என்று ஊருக்குப் பெருமை. சேலை எடுத்துக் கொடுத்து, சந்தனம் பூசினார்கள். சண்முகக்கனி கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பை அணைத்தோமா, கொல்லைக் கதவைச் சாத்தினோமா, இது எங்கே போய் முடியும் என்று அவள் மனசு ஓடிக்கொண்டிருந்ததை அந்த முனகலுக்கு மேல் யாரும் கேட்கவில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்றிருப்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டாவது சடையை எடுத்தபோது சந்தனமாரி துள்ளி எழுந்து காது மெஷினைப் பிடுங்கி எறிந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்னட்டி, இழுத்துட்டேனா?"

சந்தனமாரி அம்மாவின் வாயைப் பார்த்தாள். மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தாள், முகம் சுருங்கியது, பின்னால் போனாள். இன்னும் பின்னால் போனாள். வாசலைத் தாண்டித் தெருவில் போய் நின்றுகொண்டு, "இப்ப பேசும்மா" என்றாள்.

"என்னத்தப் பேச?"

"அங்கன இருந்து பேசினா கேக்கும்மா. பக்கத்துல வந்தா நீ இல்ல, உறுமல் மட்டுந்தான் இருக்கு."

எல்லாருக்கும் சாதாரண முனகலாக இருந்தது அந்த மெஷினுக்குள் நுழைந்ததும் இடியாக மாறியது. பாக்கியம் பேசினால் மகளுக்குக் கேட்டது, தையலுக்கு வந்தவர்கள் பேசினால் கேட்டது, நயினார் ஒரு போர்டை ஓடவிட்டால் பாட்டின் நடுவே பாடகி மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அம்மா மட்டும் கேட்கவில்லை. ஊசி குத்திவிடும் பார்த்துத் தை, வெயிலில் போகாதே, காதில் தண்ணீர் படாமல் குளி என்று நாளெல்லாம் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கவலைப் பேச்சு முழுவதும் ஒரே நாளில் போய்ச் சேர இடமில்லாமல் நின்றுபோனது.

நயினார் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலை அணைத்து வைத்தார். அதைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவரைத் தப்பாகச் சொன்னதாகிவிடும். மறுபேச்சில்லாமல் அணைத்தார். ஆனால் நிறுத்தியதால் ஏறியது இறங்கவில்லை.

"பழைய கண்டென்சரெல்லாம் டப்பாவுல கிடக்கு. திருப்பி வச்சா அந்தந்த போர்டு முனகல் அந்தந்த போர்டுக்கே போயிரும். போர்டு வேணும். அவங்கவங்க குடுக்கணும்" என்றார்.

சண்முகக்கனி வீடு வீடாகப் போனாள். உங்கள் முனகலை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்க ஒருத்தி வாசலில் வந்து நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் உட்காரச் சொன்னார்கள். எல்லாரும் காப்பி கொடுத்தார்கள். கோயில் தர்மகர்த்தா, சாமிக்கென்று ஆகிவிட்ட சுத்தத்தைத் திருப்பி எடுத்தால் ஊருக்கு ஆகாது என்றார். மாதா கோயிலில் அவளுக்காக ஜெபம் செய்தார்கள், செய்த ஜெபம் கணீரென்று கேட்டது. பள்ளிவாசலில் வருத்தப்பட்டார்கள், பாங்குச் சத்தம் இப்போதுதான் உப்பளம் வரைக்கும் தெளிவாகப் போகிறதம்மா என்றார்கள். டீக்கடை ஞானதிரவியம் மட்டும் உள்ளதைச் சொன்னான்.

"மதினி, எனக்கு இப்பந்தான் தபேலாவுல விரல் நகம் படுறது கேக்கு. இத்தன வருசமா ஒரே பாட்டப் போட்டுக்கிட்டு இதக் கேக்காம இருந்திருக்கேன். இனிமே கேக்காம இருன்னா எப்படி இருப்பேன்? வேற என்ன வேணும்னாலும் கேளுங்க."

"வேற ஒண்ணும் வேண்டாம்யா" என்று எழுந்து வந்தாள். சுயம்புலிங்கத்தின் வீட்டுப் பக்கம் அவள் போகவே இல்லை. அவர் சுருதிப்பெட்டியை விற்றுவிட்டிருந்தார்.

கொடுத்தவன் பேச்சிமுத்து ஒருவன்தான். தெருத் தெருவாக ஆட்டோவில் போய் இன்னார் மகன் இன்னார் இயற்கை எய்தினார் என்று சொல்கிறவனுக்குச் சுத்தமாகக் கேட்டால் என்ன, முனகலோடு கேட்டால் என்ன, "செத்தவரு கோவிச்சுக்கவா போறாரு? எடுத்துக்குங்க அக்கா" என்று போர்டைக் கழற்றி நீட்டினான். நயினார் பழைய கண்டென்சரை வைத்தார். போர்டு முனகியது. அதே நேரம் கொல்லைக் குழியருகே நின்ற சண்முகக்கனிக்குக் குதிகாலில் எறும்பு ஊர்ந்து இறங்குவது போலிருந்தது. ஒரு கொசுவின் பங்கு குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அன்று சந்தனமாரி முன்பு நின்ற இடத்தைவிட ஒரு சாண் கிட்டத்தில் வந்து நிற்க முடிந்தது. மகள் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு அந்த ஒரு சாணை அம்மாவுக்குக் காட்டினாள். இரண்டு பேரும் அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மறுவாரம் பேச்சிமுத்து வந்தான். சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தான். கையில் போர்டு.

"என்னப் பெத்த அய்யா போயிட்டாரு அண்ணாச்சி." சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான். "ஊருல அத்தன பேரையும் நாந்தான் சொல்லியிருக்கேன். இன்னைக்கு எங்கய்யா பேரச் சொல்லணும். இந்த முனகல்ல சொல்ல எனக்கு வாய் வரலை."

நயினார் மனைவியைப் பார்த்தார். சந்தனமாரி தையல் மெஷினில் காலை நிறுத்திவிட்டு, எல்லாருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடியாது என்று சொல்லச் சண்முகக்கனிக்கு உரிமை இருந்தது. ஆனால் முடியாது என்ற சொல் செத்த வீட்டிலிருந்து வந்தவனிடம் எப்படிச் சொல்லப்படும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எடுத்துக் குடுங்க" என்றாள். சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே, கொல்லைக்குப் போய்த் தண்ணீர் ஊற்றி வெறுங்காலோடு நின்றாள். குதிகாலில் எறும்பு ஏறியது. தெருவில் ஆட்டோ கிளம்பியது, பேச்சிமுத்து தன் ஐயாவின் பெயரைச் சொன்னான், ஒரு தூசு இல்லாமல் சொன்னான், ஊர் முழுக்க வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றது. அந்தச் சாக்குக்கட்டிக் கோட்டை அவளே கூட்டி அழித்தாள்.

ஒருவனுக்குச் செய்த பிறகு இன்னொருவரை எப்படி அனுப்புவது? பிள்ளைக்குக் காதுகுத்து என்றார்கள், ஊருக்கு மந்திரி வருகிறார் என்றார்கள், கண் தெரியாத கிழவி ரேடியோ கேட்கிறாள் என்றார்கள். நயினார் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டு சூட்டுக்கோலை மாட்டினார். "ஒண்ணே ஒண்ணு கனி" என்பார். அந்தக் குரலில் வெட்கமும் இருந்தது, ஆசையும் இருந்தது. சுத்தமான ஒலியை ஒருமுறை கேட்ட காதுக்கு வேறொன்றும் ஆகாது என்று அவளுக்கும் தெரியும். அவள் மனிதரோடு சண்டை போடலாம். ஒரு ஊர் முழுக்கப் பாட்டுக் கேட்பதோடு எப்படிச் சண்டை போடுவது?

ஒருநாள் அவசரத்தில் மகளுடைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அன்று எறும்பு ஏறவில்லை. அவ்வளவுதான் நடந்தது. கடைத்தெருவில் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டாள், பிறகு கழற்றவில்லை. அடுக்களையில் போட்டிருந்தாள், குளிக்கும்போது போட்டிருந்தாள், படுக்கும்போது போட்டிருந்தாள், சாமி படத்துக்கு முன்னால் கண்ணில் நீர் விட்டு மன்னிப்புக் கேட்டபடி போட்டிருந்தாள்.

"வெறுங்காலோட நடந்தா நாள்பட நாள்பட அது தானா இறங்கிப் போனாலும் போயிரும்லா?" என்றார் நயினார்.

"இறங்கவும் செய்யலாம், ஏறவும் செய்யலாம். ஏறினா?"

நயினார் வாளியைத் தானே எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

ஒரு பெண் முனகுவதைக் காரணம் கேட்காமல் ஏற்றுக்கொண்ட ஊர், அவள் வீட்டுக்குள் செருப்புப் போடுவதை ஏற்றுக்கொள்ளவில்லை. "என்ன அநியாயம் மதினி, அடுப்பு முன்னால செருப்பா!" என்று பாக்கியம் வாயில் கை வைத்தாள். வாசலில் கூடிய வட்டம் கலைந்தது. கோயிலில் செருப்போடு உட்காரக்கூடாது என்றார்கள், கழற்றமாட்டேன் என்றாள். சுயம்புலிங்கம் மதிலுக்கு வெளியே அவளை நிறுத்தி வாசித்துப் பார்த்தார், சுருதி மதிலைத் தாண்டிச் சரியாக வரவில்லை, அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார். எர்த்துக் குழிக்கு இப்போது நயினார்தான் தூரத்தில் நின்று தண்ணீர் வீசினார். பாக்கியத்தின் ஆடு அந்த ஈரத்தில் வந்து நிற்கத் தொடங்கியது. கொஞ்ச நாளில் அது மேயும்போதும் ஏதோ ஒரு சத்தம் வருவதாகச் சொன்னார்கள்.

சண்முகக்கனி எதிர்ச்சாரியில், பழைய குழாய்களும் பெட்டிகளும் போட்டுவைத்திருந்த கிட்டங்கி அறைக்குக் கட்டிலை மாற்றிக்கொண்டாள். வீட்டுக்கும் அதற்கும் நடுவே மெயின் ரோடு. அந்த அகலத்தை முனகல் தாண்டவில்லை, குரல் தாண்டியது. அவள் இந்தக் கரையில் நின்று, "சாப்பிட்டியா? ஊசி பத்திரம். மழ வருது, துணிய எடு" என்று கத்துவாள். அந்தக் கரையில் தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து சந்தனமாரி தலையாட்டுவாள். தாய் மகளுக்குச் சொல்கிற எல்லாம் ஊருக்கும் கேட்டது. உப்பு லாரிக்காரர்கள் அந்த இடம் வந்தால் ஹாரன் அடிப்பதில்லை. சில நேரம் வண்டியை நிறுத்தி, "பாப்பா, அம்மா துணிய எடுக்கச் சொல்லுதாவ" என்று எடுத்தும் சொன்னார்கள். சில சொற்கள் கத்திச் சொல்ல முடியாதவை. அவை கிட்டங்கியிலேயே தங்கின.

ஒரு மத்தியானம் சந்தனமாரி தையலை நிறுத்தினாள். காது மெஷினைக் கழற்றி நூல்கண்டு டப்பாவில் வைத்து மூடிவிட்டு, இரண்டு பக்கமும் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு, ரோட்டைக் கடந்து வந்தாள். தாய் "லாரி, லாரி" என்று கத்தினாள், கேட்காத பிள்ளை சிரித்துக்கொண்டே வந்து கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து தலையை அவள் மடியில் வைத்தது.

சண்முகக்கனி பேசினாள். கத்திச் சொல்ல முடியாததையெல்லாம் சொன்னாள். அந்தக் காய்ச்சல் வந்தபோது எந்த மரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றாள் என்பதைச் சொன்னாள், சாக்குக்கட்டிக் கோட்டை அழித்தது யார் என்பதைச் சொன்னாள், தன் குரல் இப்போது எப்படி இருக்கிறது என்று தனக்கே மறந்துபோனதைச் சொன்னாள். மகள் கண்ணை மூடியிருந்ததால் வாயைப் பார்க்கவும் வழியில்லை. கன்னத்தில் அதிர்வு மட்டும் போய்க்கொண்டிருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, களைத்துப்போன அம்மாவுக்குச் செய்கிற மாதிரி, சந்தனமாரியின் கை கீழே இறங்கி அவள் பாதத்தைத் தடவி, செருப்பு வாரைப் பிடித்து மெல்ல இழுத்தது. கட்டிலுக்கடியில் சிமெண்டுத் தரை ஈரமாக இருந்தது, வெறுங்கால் பட்டால் எறும்பு ஏறினாலும் ஏறும். ரோட்டுக்கு அந்தப் பக்கம், முன்னறையில், நயினார் தலையைக் குனிந்து யாருக்கோ ஒரு போர்டைத் திறந்துகொண்டிருந்தார்.

சண்முகக்கனி மகளின் விரல்களை வாரிலிருந்து விடுவித்தாள். மடியில் கிடந்த தலை அசையாதபடி பார்த்துக்கொண்டு, இரண்டு கால்களையும் மடக்கிச் செருப்போடு கட்டிலின்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.